வெளியே தெரியாத பல கேமரா டேஷ் கேம்: தேர்வு செய்வதும் காரில் பொருத்துவதும்

என் காரில் இப்போது இருப்பது இரண்டாவது முறையாகப் பொருத்திய டேஷ் கேம், அதாவது சாலையில் நடப்பதைக் காருக்குள் இருந்தபடி பதியும் கேமரா. முதல் முறை ஒரு கடையில் கொடுத்துப் பொருத்தினேன். ஒரு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துச் சாவியைக் கையில் கொடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து, நிறுத்தி வைத்திருந்த காரின் பின் மூலையில் யாரோ இடித்துவிட்டுப் போயிருந்தார்கள். பதிவைப் பார்க்கலாம் என்று மெமரி கார்டை எடுத்தால், அதில் இருந்த கடைசி வீடியோ மூன்று வாரத்துக்கு முந்தையது. கார்டு கெட்டுப்போனது தெரியாமல் அத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. முன்கண்ணாடியின் ஓரத்தில் நிற்கும் முன் தூணுக்குள் இருக்கும் ஏர்பேக்கின் முகப்பில் கேபிளைக் குறுக்காக இழுத்துவிட்டிருந்தார்கள். பதிவு போனதைவிட அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

அதன் பிறகு படித்து, அளந்து, நானே பொருத்தினேன். முன்புறம், உள்புறம், பின்புறம் என்று மூன்று கேமரா. கேபிள் ஒன்றுகூட வெளியே தெரியாது. இதை முதன்முதலாகச் செய்யப் போகிறவர்களுக்காக, நான் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். கடையில் கொடுத்துத்தான் பொருத்தப் போகிறீர்கள் என்றாலும் படியுங்கள். அங்கே என்ன கேட்க வேண்டும் என்பது தெரிந்திருக்கும்.

1. எத்தனை கேமரா வேண்டும்?

முன், பின் இரண்டும் எல்லோருக்கும் வேண்டும். பின்னால் வந்து இடிப்பவரை முன் கேமரா பார்க்காது. சில்லறை விபத்துகளில் பாதிச் சண்டை 'நீதான் பின்னால் வந்தாய்' என்பதுதான்.

மூன்றாவது, உள்புறம் பார்க்கும் கேமரா. வாடகைக்கு ஓட்டுகிறவர்கள், வண்டியை வேறு ஓட்டுநரிடம் கொடுப்பவர்கள், கார் கண்ணாடியை உடைத்துத் திருடும் தொல்லை உள்ள இடத்தில் நிறுத்துபவர்கள் இதைப் போடலாம். அகலக் கோணம் உள்ளதாக இருந்தால் பக்கக் கண்ணாடி வழியாக வெளியே நிற்பவரும் ஓரளவு தெரிவார். குடும்பத்தோடு மட்டும் பயணம் செய்கிறவர்கள் நன்றாக யோசித்துவிட்டு வாங்குங்கள். வீட்டில் உள்ளவர்களுக்குத் தங்கள் பேச்சு பதிவாவது பிடிக்காமல் போகலாம், அது நியாயமானதும்கூட.

பக்கவாட்டுக் கேமராவோடு நான்கு, ஐந்து என்று விற்கும் கருவிகளும் உண்டு. லாரி, வேன் போன்ற பெரிய வண்டிகளுக்கு அவை பயன்படும். சாதாரண காருக்கு நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொரு கேமராவும் கூடும்போது சூடும், மின்செலவும், கார்டின் தேய்மானமும் சேர்ந்தே கூடும்.

2. காகித வேலையை முதலில் முடியுங்கள்

பலரும் கடைசியில் செய்கிற வேலை இது. பொருள் வாங்கும் முன்பே முடித்துவிட்டால் ஒரு மாலை நேரம்தான் ஆகும்.

முதலில் சட்டம். கண்ணாடியில் எங்கே ஒட்டலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் 40 மில்லிமீட்டருக்கு மேல் எதுவும் நீட்டிக்கொண்டு மறைக்கக் கூடாது. ஓட்டுநருக்கு நேர் எதிரே உள்ள பட்டையில் அந்த அளவு 10 மில்லிமீட்டர்தான். கலிஃபோர்னியாவில் கண்ணாடியின் எந்த மூலையில், எத்தனை அங்குலச் சதுரத்துக்குள் கருவி இருக்க வேண்டும் என்றே சட்டம் எழுதியிருக்கிறது. ஜெர்மனியில் சாலையை இடைவிடாமல் பதிவு செய்வது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு முரண்படுகிறது. இருந்தும், விபத்து வழக்கில் அந்தப் பதிவைச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியும் என்று அந்நாட்டின் உச்ச நிலை உரிமையியல் நீதிமன்றம் 2018 மே மாதம் தீர்ப்பளித்தது. உங்கள் நாட்டுப் போக்குவரத்துத் துறையின் விதிகளில் கண்ணாடி, ஒலிப்பதிவு, பயணிகளுக்கான அறிவிப்பு ஆகிய மூன்றையும் தேடிப் படியுங்கள். உள்ளே பேசுவதைப் பதிவு செய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்கிற இடங்கள் இருக்கின்றன.

இந்தக் கட்டுரையில் 'வெளியே தெரியாத' என்று சொல்வது திருடன் கண்ணில் படாமலும் ஓட்டுநரின் பார்வையை மறைக்காமலும் இருப்பதைத்தான். வண்டியில் ஏறுகிறவருக்குத் தெரியாமல் அவரைப் படம்பிடிப்பதற்கு இது வழிகாட்டி அல்ல. உள்புறக் கேமரா போட்டால், கதவருகே சிறிய அறிவிப்பு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது, காரின் வாரண்டி நிபந்தனைகள். மின்வயர்களை வெட்டி இணைத்தால் வாரண்டி பாதிக்கப்படும் என்று பல கையேடுகளில் இருக்கும். கீழே நான் சொல்லும் முறையில் ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. கார் குத்தகையிலோ அலுவலகத்தின் பெயரிலோ இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்மொழி அனுமதி, காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் கைகொடுக்காது. காப்பீட்டு நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு, பின்னால் சேர்த்த கருவிகளுக்குத் திருட்டுக் காப்பீடு உண்டா என்று கேளுங்கள். பதில் வந்தால் பத்திரப்படுத்துங்கள்.

கேமரா வந்ததும் அதன் வரிசை எண்ணையும் ரசீதையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு அந்த எண் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொள்ளும், படிக்கவே முடியாது.

3. கேமராவைத் தேர்ந்தெடுத்தல்

விளம்பரம் முழுக்க 4கே, 4கே என்றுதான் இருக்கும். நான் பார்க்கச் சொல்லும் வரிசை வேறு.

முதலாவது, உள்ளே இருப்பது பேட்டரியா, கெபாசிட்டரா? லித்தியம் பேட்டரி உள்ள கேமராவை வாங்காதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 டிகிரியைத் தொடும், கண்ணாடியை ஒட்டிய இடத்தில் இன்னும் கூடும். அந்தச் சூட்டில் லித்தியம் பேட்டரி உப்பிக்கொள்ளும். சூப்பர் கெபாசிட்டர் அந்தச் சூட்டைத் தாங்கும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் கடைசி வீடியோவை மூடிச் சேமிக்கப் போதுமான அளவு மின்சாரத்தை மட்டும் வைத்திருக்கும். நமக்குத் தேவை அவ்வளவுதான்.

இரண்டாவது, உருவம். பின்னால் பெரிய திரை உள்ளது வேண்டாம். உருளையாகவோ, கண்ணாடியோடு படிந்து நிற்கும் ஆப்பு வடிவிலோ உள்ள கருவி பின்னோக்குக் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்துகொள்ளும். திரை இல்லாவிட்டால் அமைப்புகளை மொபைல் செயலியில் மாற்ற வேண்டும். மாதத்துக்கு ஒரு முறைதானே, பழகிவிடும். சில கார் மாடல்களுக்கென்றே, பின்னோக்குக் கண்ணாடியை ஒட்டிய பிளாஸ்டிக் மூடிக்குப் பதிலாகப் பொருந்தும் கேமராக்களும் கிடைக்கின்றன. மறைவதில் அவற்றை மிஞ்ச முடியாது. ஆனால் காரை மாற்றும்போது கேமராவும் பயனற்றுப் போகும்.

மூன்றாவது, சென்சார், அதாவது லென்ஸ் வழியாக வரும் ஒளியைப் படமாக மாற்றும் சில்லு. இரவில் எண் பலகை படிய வேண்டுமானால் பிக்சல் எண்ணிக்கையைவிட இதுதான் முக்கியம். சோனியின் ஸ்டார்விஸ் 2 வகைச் சென்சார் உள்ள கேமராக்கள் முந்தைய தலைமுறையைவிட இருட்டில் தெளிவாகப் பதிகின்றன. முன் கேமராவுக்கு மட்டும் நல்ல சென்சார் போட்டுவிட்டு, பின் கேமராவுக்கு மட்டமான ஒன்றைப் போடும் வழக்கம் உண்டு. விவரப் பட்டியலில் ஒவ்வொரு கேமராவுக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

கோணத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 170 டிகிரி என்றால் அதிகம் தெரியும் என்று தோன்றும். ஆனால் கோணம் விரிய விரிய, எதிரே உள்ள எண் பலகை படத்தில் சிறுத்துக்கொண்டே போகும். முன்புறத்துக்கு 140 டிகிரியை ஒட்டிய அளவு எனக்கு நிறைவாக இருக்கிறது. எந்தக் கேமரா வாங்கினாலும், வேகமாக எதிர்த்திசையில் போகும் வண்டியின் எண் இரவில் படியும் என்று நம்ப வேண்டாம். ஒலிப்பதிவு அனுமதிக்கப்பட்ட இடமானால், அந்த எண்ணை வாய்விட்டுச் சத்தமாகப் படித்துவிடுங்கள். பதிவில் நிற்கும்.

உள்புறக் கேமரா இருட்டில் படம் எடுக்க உதவும் அகச்சிவப்பு விளக்குகள் எந்த வகை என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். 850 நானோமீட்டர் வகை இருட்டில் மங்கலான சிவப்புப் புள்ளிகளாகக் கண்ணுக்குத் தெரியும். 940 வகை தெரியாது, ஆனால் படம் சற்று மங்கலாக வரும். மறைவாக இருக்க வேண்டுமென்றால் 940.

பின் கேமராவின் கேபிள் நீளத்தை வாங்கும் முன்பே அளந்துவிடுங்கள். ஒரு கயிற்றை எடுத்து, கேபிள் போகும் பாதையிலேயே, அதாவது முன்கண்ணாடியின் மேல் ஓரம், தூண், கதவின் கீழ்ப்படி, பின் தூண், பின்கண்ணாடி என்று வைத்து அளக்க வேண்டும். நேர்க்கோட்டில் அளந்தால் ஏமாந்து போவீர்கள். என் கார் சிறியதுதான், இருந்தும் 6 மீட்டர் கேபிளில் மிஞ்சியது ஒரு கை நீளம்தான்.

4. மெமரி கார்டு

என்னைக் கைவிட்டது இதுதான் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

கணக்கு எளிது. மூன்று கேமராவும் சேர்ந்து நொடிக்கு 60 மெகாபிட் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 7.5 மெகாபைட், மணிக்கு 27 ஜிகாபைட். 128 ஜிபி கார்டு ஐந்து மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்; பிறகு பழையதை அழித்து அதன் மேல் எழுதும். 256 ஜிபி ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக வரும். மூன்று கேமராவுக்கு 256க்குக் கீழே போகாதீர்கள். கேமரா ஏற்கும் உச்ச அளவு எவ்வளவு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படி விடாமல் அழித்து எழுதுவது சாதாரண கார்டைச் சீக்கிரம் கொன்றுவிடும். 'ஹை எண்ட்யூரன்ஸ்' என்று போட்ட வகையை, எழுதும் வேகத்தைக் காட்டும் யு3 அல்லது வி30 குறியோடு வாங்குங்கள். அட்டையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் ஃபுல் எச்டி ஒற்றைக் கேமராவுக்குக் கணக்கிட்டது. மூன்று கேமரா எழுதும்போது அதில் பாதிகூட எதிர்பார்க்க வேண்டாம். நான் ஒன்றரை வருடத்துக்கு ஒரு முறை, கெட்டுப்போகும் வரை காத்திராமல் மாற்றிவிடுகிறேன்.

போலிக் கார்டுகள் ஏராளம். 256 என்று காட்டும், உள்ளே இருப்பதோ 32. கார்டு வந்த அன்றே கணினியில் போட்டு எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிச் சோதியுங்கள். சில மணி நேரம் ஓடும், ஓடட்டும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் தெரிந்துகொள்வது முக்கியம். சோதனை முடிந்த பிறகு கார்டை ஃபார்மேட் செய்வது கேமராவுக்குள் வைத்தே நடக்க வேண்டும்.

5. மின்சாரம் எங்கிருந்து எடுப்பது?

சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் வேலை சுலபம். ஆனால் கேபிள் வெளியே தொங்கும், காரை அணைத்ததும் பெரும்பாலான கார்களில் பதிவும் நின்றுவிடும். மறைவாகவும் வேண்டும், நிறுத்தியிருக்கும்போதும் பதிய வேண்டும் என்றால் ஹார்ட்வயர் கிட்தான் வழி, அதாவது காரின் ஃபியூஸ் பெட்டியிலிருந்தே கேமராவுக்கு மின்சாரம் கொண்டுவரும் வயர்த் தொகுப்பு. உங்கள் கேமராவைச் செய்த நிறுவனத்தின் கிட்டையே வாங்குங்கள். வேறு கிட்டில் பார்க்கிங் பதிவு தொடங்காமல் போகலாம்.

அதில் மூன்று வயர் இருக்கும். ஒன்று எப்போதும் மின்சாரம் உள்ள ஃபியூஸுக்கு, ஒன்று சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃபியூஸுக்கு, மூன்றாவது எர்த், அதாவது காரின் உலோக உடலோடு இணைவது. நிறங்கள் பெரும்பாலும் மஞ்சள், சிவப்பு, கறுப்பு. இருந்தாலும் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சிவப்பும் மஞ்சளும் இடம் மாறினால் பார்க்கிங் பதிவு வேலை செய்யாது. புதிதாகப் பொருத்துகிறவர்கள் அதிகம் செய்யும் தவறு அதுதான்.

நிறுத்திய காரில் கேமரா குடிக்கும் மின்சாரம் கார் பேட்டரியிலிருந்து வருகிறது. 12 வோல்ட்டில் 0.4 ஆம்ப் எடுக்கும் கேமரா, 12 மணி நேரத்தில் கிட்டத்தட்ட 5 ஆம்ப்-மணி எடுத்துவிடும். தினமும் ஒரு மணி நேரம் ஓடும் காருக்கு இது ஒரு சுமையில்லை. பத்து நிமிடம் கடைக்குப் போய்வருவதோடு சரி என்றால், எடுத்தது திரும்ப ஏறாது. இரண்டு வாரத்தில் ஒரு காலை கார் கிளம்பாது. கிட்டில் வோல்ட் குறைந்தால் துண்டிக்கும் வசதி இருக்கும்: 11.8, 12.0, 12.2, 12.4 என்று. ஓய்வில் உள்ள ஈய-அமில பேட்டரி நிறைந்திருந்தால் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 11.8 என்றால் காலி. பல கிட்கள் கடையிலிருந்து வரும்போதே தாழ்ந்த அளவில் வைக்கப்பட்டிருக்கும். பாருங்கள், மாற்றுங்கள். நான் 12.4இல் வைத்து, ஆறு மணி நேர டைமரும் போட்டிருக்கிறேன். பார்க்கிங் பதிவு நீண்ட நேரம் கட்டாயம் வேண்டுமென்றால், டேஷ் கேமுக்கென்றே விற்கும் தனி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியை இருக்கைக்கு அடியில் வைக்கலாம். செலவு அதிகம், பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படாது.

மின்சாரக் கார், ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்களுக்கும் இதே 12 வோல்ட் ஃபியூஸ் பெட்டிதான். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள் கண்ணில் பட்டால் அது உயர் மின்னழுத்தம், அந்தப் பக்கமே கை போகக் கூடாது.

6. செலவுக் கணக்கு

கேமராவின் விலையை மட்டும் கணக்கில் வைத்துக் கிளம்பாதீர்கள். கார்டு, ஹார்ட்வயர் கிட், ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இருக்கும் குழியில் செருகி, வயரை வெட்டாமல் மின்சாரம் எடுக்கும் இணைப்பான்), பிளாஸ்டிக் நெம்புகோல்கள், துணி டேப், கண்ணாடிப் பளபளப்பைக் குறைக்கும் சிபிஎல் ஃபில்டர் எல்லாம் சேர்ந்து எனக்குக் கேமரா விலையில் இன்னொரு மூன்றில் ஒரு பங்கு வந்தது. நேரடியாக மொபைலுக்குத் தகவல் அனுப்பும் வகை வாங்கினால் சிம் கட்டணமும் கிளவுட் சந்தாவும் மாதாமாதம் தொடரும். வாங்கும்போது அந்தச் செலவு கண்ணில் படாது. மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடையில் கொடுத்தால் கூலி தனி. கூலியைக் கேட்கும்போதே நான்கு விஷயங்களைத் தாளில் எழுதி வாங்குங்கள்: ஃபியூஸ் டேப் போடுவார்களா அல்லது வயரைக் கீறி இணைப்பார்களா, தூணில் கேபிள் ஏர்பேக்குக்குப் பின்னால் போகுமா, மூடும் முன் படம் எடுத்துத் தருவார்களா, கிளிப் உடைந்தால் யார் பொறுப்பு. மூன்று கேமராவுக்கு அனுபவசாலிக்கே இரண்டரை மணி நேரமாவது ஆகும். முக்கால் மணியில் முடித்துவிடுகிறேன் என்பவர் தூணைத் திறக்கவே போவதில்லை.

7. ஒட்டும் முன் இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள்

கேமராவை வாங்கிய கையோடு ஒட்டிவிடாதீர்கள். சாக்கெட்டில் செருகி, கேபிளைத் தரையில் விட்டு, எளிதில் உரியும் பேப்பர் டேப்பால் கேமராக்களைப் பிடித்து வைத்து, இரண்டு நாள், பகலிலும் இரவிலும் ஓட்டுங்கள். பழுதான கேமராவை மறைத்துப் பொருத்திய பிறகு கண்டுபிடித்தால் அரை நாள் உழைப்பு வீணாகும்.

இந்த இரண்டு நாளில் இடத்தையும் தேர்ந்துவிடலாம். முன் கேமரா, பின்னோக்குக் கண்ணாடிக்குப் பின்னால், ஓட்டுநருக்கு மறுபக்கம், வைப்பர் துடைக்கும் பரப்புக்குள் இருக்க வேண்டும். மழை சென்சாரையும், காரோடு வந்த பாதுகாப்புக் கேமராவையும் மறைக்கவே கூடாது. அது மறைந்தால் தானியங்கி பிரேக் தவறாக வேலை செய்யலாம். கண்ணாடி ஓரத்தின் கறுப்புப் புள்ளிகள் மேல் ஒட்டினால் பிடிமானம் குறையும். புள்ளி இல்லாத தெளிவான இடத்தில் ஒட்டுங்கள். வெப்பத்தைத் தடுக்கும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி என்றால் ஜிபிஎஸ் பிடிக்காது. அத்தகைய கார்களில் பின்னோக்குக் கண்ணாடியைச் சுற்றி ஒரு சிறு இடம் பூச்சில்லாமல் விடப்பட்டிருக்கும், அங்கே வையுங்கள்.

பின் கேமரா, பின்கண்ணாடியின் மேல் நடுவில். சூடேற்றும் கம்பிக் கோடுகள் மேல் ஒட்டாதீர்கள். என்றாவது பிய்த்து எடுக்கும்போது கோடும் சேர்ந்து வந்துவிடும். பின்கண்ணாடியில் அடர்த்தியான சன் ஃபிலிம் இருந்தால் இரவுப் பதிவு இருண்டுதான் வரும், அதற்கு மருந்தில்லை.

8. பொருத்தும் நாள்

முதல் முறை என்றால் ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள். நிழலான இடம், நல்ல வெளிச்சம். தேவைப்படுபவை: பிளாஸ்டிக் நெம்புகோல் (ஸ்குரூ டிரைவர் வைத்து நெம்பினால் டிரிம், அதாவது உள்பக்க பிளாஸ்டிக் மூடி, கீறிவிடும்), மல்டிமீட்டர், டார்ச், துணி டேப், ஜிப் டை, ஐசோபுரோபைல் ஆல்கஹால், உங்கள் கார் மாடலின் ஃபியூஸ் வரைபடம்.

முதலில் ஃபியூஸ் பெட்டி. மல்டிமீட்டரின் கறுப்பு முனையை வெற்று உலோகத்தில் வைத்து, சிவப்பு முனையால் ஒவ்வொரு ஃபியூஸையும் தொட்டுப் பார்த்து, எது எப்போதும் 12 வோல்ட் காட்டுகிறது, எது சாவி போட்டால் மட்டும் காட்டுகிறது என்று தாளில் குறியுங்கள். பிறகு காரைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். புதிய கார்களில் சில ஃபியூஸ்கள் 'எப்போதும் உண்டு' என்று காட்டிவிட்டு, கார் முழுத் தூக்கத்துக்குப் போன பிறகு அணைந்துவிடும். ஏர்பேக், ஏபிஎஸ், எஞ்சின் கட்டுப்பாடு, எரிபொருள் பம்ப், ஹெட்லைட், பிரேக் விளக்கு ஆகியவற்றின் ஃபியூஸைத் தொடக் கூடாது. சாக்கெட், உள்விளக்கு, ரேடியோ போன்றவை நல்லவை.

தேர்ந்த பிறகு காரை அணைத்து, பேட்டரியின் எதிர்மின் (நெகட்டிவ்) முனையைக் கழற்றுங்கள். கார் கையேட்டில் ஏர்பேக் பற்றிய பகுதியில் எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டும் என்று இருக்கும். அதன் பிறகுதான் தூணைத் தொட வேண்டும். பேட்டரியைக் கழற்றினால் கடிகாரமும் கண்ணாடி ஏற்றிகளின் நினைவும் போகலாம், சில பழைய ரேடியோக்கள் குறியெண் கேட்கும். அதைத் தேடி எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

ஃபியூஸ் டேப் பல அளவில் வரும்: மினி, லோ புரோஃபைல் மினி, மைக்ரோ2 என்று. உங்கள் ஃபியூஸைக் கழற்றி ஒப்பிட்டு வாங்குங்கள். பழைய ஃபியூஸ் ஒரு குழியில், கேமராவுக்கான சிறிய ஃபியூஸ் இன்னொன்றில். எந்தப் பக்கமாகச் செருகுவது என்பதும் முக்கியம். தலைகீழாகச் செருகினாலும் கேமரா ஓடும், ஆனால் அதன் மின்சாரமும் பழைய ஃபியூஸ் வழியாகவே போகும். எர்த் வயரை, பெயின்ட் இல்லாத உலோகத்தில் இறுகும் போல்ட்டில் மாட்டுங்கள். ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் போல்ட்டை விட்டுவிடுங்கள்.

இப்போது கேபிள். முன் கேமராவிலிருந்து நேர் மேலே, கூரைத் துணியின் ஓரத்துக்குள் விரலால் தள்ளினால் உள்ளே போய்விடும். அங்கிருந்து தூண்வரை அப்படியே. தூணின் டிரிமைக் கழற்றினால் மடித்து வைத்த நீளப் பைபோல ஏர்பேக் தெரியும். விபத்தில் அது கூரை ஓரத்திலிருந்து கண்ணாடிப் பக்கமாகக் கீழே விரியும். கேபிள் அந்தப் பாதையில் குறுக்கே இருந்தால் பை விரிவதைத் தடுக்கும், அல்லது கேபிளையும் டிரிமையும் உங்கள் முகத்தை நோக்கி வீசும். அதனால் கேபிள் பைக்குப் பின்னால், வண்டியின் உலோகத்தோடு ஒட்டிப் போக வேண்டும். ஏற்கெனவே அங்கே ஓடும் வயர்க்கட்டோடு சேர்த்து ஜிப் டை போடுங்கள். பையோடு சேர்த்து எதையும் கட்டாதீர்கள். மஞ்சள் நிற இணைப்பிகள் ஏர்பேக்குக்குரியவை, அவற்றைக் கழற்றவே வேண்டாம். டிரிமைப் பிடித்திருக்கும் கிளிப் சில கார்களில் ஒரு முறை மட்டுமே பயன்படும் வகை. முன்கூட்டியே இரண்டு வாங்கி வைத்திருங்கள்.

பின் கேபிளைக் கூரை ஓரமாகவே கொண்டுபோனால் தூரம் குறைவு, ஆனால் பக்க ஏர்பேக் அந்த ஓரம் முழுக்க இருக்கிறது. நான் தூணிலிருந்து கீழே இறக்கி, கதவின் கீழ்ப்படி டிரிமுக்குள் கொண்டுபோனேன். முழங்கால் ஏர்பேக் உள்ள கார்களில் ஸ்டியரிங்குக்கு அடியிலும் அதே எச்சரிக்கை. பின் தூணில் ஏற்றும்போது மீண்டும் பைக்குப் பின்னால். டிக்கிக் கதவு கண்ணாடியோடு திறக்கும் கார் என்றால், உடலுக்கும் கதவுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய்க்குள்தான் கேபிள் போக வேண்டும். எனக்கு ஒரு மணி நேரம் இதற்கே போனது. ஒரு மெல்லிய கம்பியை முதலில் நுழைத்து, அதன் முனையில் கேபிளைக் கட்டி, ரப்பருக்குள் துளி சோப்புநீர் விட்டு இழுத்தால் வரும். கதவைப் பத்து முறை திறந்து மூடி, கேபிள் இழுபடவில்லை என்று பார்த்த பிறகே டிரிமை மூடுங்கள். மிஞ்சிய கேபிளை அகலமான வளையமாகச் சுற்றித் துணி டேப் போட்டு வையுங்கள். கூர்மையாக மடித்தால் படம் விட்டுவிட்டு வரும்.

எல்லாம் இணைத்து, பேட்டரியை மாட்டி, மூன்று படமும் வருகிறதா என்று பார்த்த பிறகு கேமராக்களை ஒட்டுங்கள். கண்ணாடியை ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்ததும் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நல்ல ஒட்டுநாடா முழுப் பிடிமானம் பெற மூன்று நாள் ஆகும், முதல் நாள் கேமராவைத் திருப்பி ஆட்டாதீர்கள்.

9. அமைப்புகள்

விளக்கு, திரை, தொடக்க ஒலி எல்லாவற்றையும் அணையுங்கள். இரவில் மினுங்கும் நீல விளக்கு ஒன்று போதும், இத்தனை பாடுபட்டு மறைத்தது வீண். கேமரா மேல் உள்ள நிறுவன ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள். வைஃபை பெயரில் பெரும்பாலும் கேமராவின் மாடல் பெயரே இருக்கும். பெயரையும், 12345678 போன்ற தொடக்கக் கடவுச்சொல்லையும் மாற்றி, தேவையில்லாதபோது அணைத்து வையுங்கள்.

அதிர்வு உணரியைக் 'குறைவு' என்பதில் வையுங்கள். உயர்வில் இருந்தால் ஒவ்வொரு குழியும் விபத்தாகப் பதிந்து பூட்டப்படும். பூட்டிய கோப்புகள் கார்டை நிறைத்து, சாதாரணப் பதிவுக்கு இடமில்லாமல் போகும். ஒரு கோப்பு மூன்று நிமிடம் என்று பிரித்துக்கொள்ளலாம். நேர மண்டலத்தைச் சரியாக வைத்து, ஜிபிஎஸ் நேரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். தேதி தவறிய பதிவைக் காப்பீட்டு நிறுவனம் கேள்வி கேட்கும். தெருவிளக்கும் சிக்னலும் மினுக்கினால் 50, 60 ஹெர்ட்ஸ் அமைப்பை உங்கள் ஊர் மின்சாரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள்.

10. முதல் மாதமும் அதற்குப் பிறகும்

முதல் வாரம் தினமும் காலையில் மல்டிமீட்டரால் பேட்டரி வோல்ட்டைக் குறித்துவாருங்கள். நாளுக்கு நாள் இறங்கினால் டைமரைக் குறையுங்கள். ரேடியோவில் புதிதாக இரைச்சல் வந்தால் மின்கேபிளில் ஃபெரைட் வளையம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பிறகு மாதம் ஒரு நாள், நான் ஒன்றாம் தேதி வைத்திருக்கிறேன், செயலியைத் திறந்து முந்தைய நாள் வீடியோ மூன்று கேமராவிலும் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுக் கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். வேண்டிய பதிவு ஏதாவது இருந்தால் அதற்கு முன் எடுத்துக்கொள்ளுங்கள். மொத்தம் ஐந்து நிமிடம். இந்த ஐந்து நிமிடத்தைச் செய்யாததால்தான் என் மூன்று வாரப் பதிவு போனது.

ஏதாவது நடந்துவிட்டால், ஆட்களைக் கவனித்த பிறகு, கேமராவின் மின்சாரத்தை நிறுத்திக் கார்டை எடுத்துவிடுங்கள். ஓடவிட்டால் சில மணி நேரத்தில் பழைய கோப்பின் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். எப்போதும் கையில் ஒரு உதிரிக் கார்டு இருந்தால் உடனே மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பலாம். சம்பவத்துக்கு ஐந்து நிமிடம் முன்னும் பின்னும் உள்ள கோப்புகளை வெட்டாமல், பெயர் மாற்றாமல் இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கி எண் பலகை அழிந்துவிடும், மூலக் கோப்பாகவே அனுப்ப வேண்டும். விவகாரம் முடியும்வரை அந்தக் கார்டை உறையில் போட்டு, தேதி எழுதி, தனியே வையுங்கள்.

கடைசியாக ஒன்று: எந்த இடத்தில் ஃபியூஸ் டேப் போட்டீர்கள், எர்த் எங்கே, கேபிள் எந்தப் பக்கமாகப் போகிறது என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி ஃபியூஸ் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். சர்வீசில் காரைத் திறப்பவருக்கும், முன்கண்ணாடி மாற்ற வருபவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.